வாடகை விமானம் புறப்படுமுன்: சரிபார்ப்பும் பொறுப்பும்

விமானப் போக்குவரத்து என்றதும் நம் நினைவுக்கு வருபவை, கால அட்டவணைப்படி நகரங்களுக்கு இடையே பறக்கும் பெரிய விமானங்களே. ஆயினும் அட்டவணைக்கு உட்படாத பறப்புகளும் நாட்டின் பொருளாதார வாழ்வில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றுள்ளன. மும்பைக்கு மேற்கே ஆழ்கடலில் உள்ள எண்ணெய் மேடைகளுக்குத் தொழிலாளரும் பொறியாளரும் ஹெலிகாப்டரில் சென்று வருகின்றனர். இப்பணியை முக்கிய நோக்கமாகக் கொண்டே 1985ஆம் ஆண்டில் பவன் ஹன்ஸ் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. சிறு ஊர்களிலிருந்து நோயாளிகளைப் பெருநகர மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லுதல், மலைத் தலங்களுக்கு யாத்ரீகர்களை அழைத்துச் செல்லுதல், தேர்தல் காலச் சுற்றுப்பயணங்கள், தொழில் நிறுவன அதிகாரிகளின் பயணங்கள் எனப் பலவற்றிற்கும் வாடகை விமானங்கள் பயன்படுகின்றன.

இவ்விமானங்கள் ஒவ்வொன்றும் தரையை விட்டு எழுமுன், 'இது பறக்கலாம்' என்று ஒருவர் கையொப்பமிட வேண்டும். அக்கையொப்பத்திற்குப் பின்னால் உள்ள சரிபார்ப்புகள் எவை, அவை எப்போது பயன் தருகின்றன, எப்போது வெறும் சடங்காகி விடுகின்றன என்பதை ஆராய்வது பயனுள்ளதாகும்.

சரிபார்க்கப்படுபவை

1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்தின் வழி அமைந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், இதற்கான அடிப்படை விதிகளை வகுத்துள்ளது. வணிகப் பறப்பு எதுவும், சில செய்திகளை விமானி சரிபார்த்துப் படிவங்களில் உறுதி செய்த பின்னரே தொடங்கலாம். விமானம் பறக்கத் தகுதியுடன் இருக்க வேண்டும். பராமரிப்புப் பொறியாளர் அதனைப் பணிக்கு விடுவித்திருக்க வேண்டும். தேவையான கருவிகள் செயல்பட வேண்டும். எடையும் அதன் மையமும் வரம்புக்குள் அமைய வேண்டும். சுமை முறையாக வைக்கப்பட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இப்படிவங்களை மூன்று மாத காலம் பாதுகாத்து வைப்பது நிறுவனத்தின் கடமை.

இவற்றுடன், செல்லும் இடத்தின் வானிலை, விமானிகளுக்கான அறிவிப்புகள், மாற்று விமான நிலையத்தின் நிலை ஆகியனவும் பார்க்கப்படுகின்றன. நம் நாட்டில் வான் பாதுகாப்பு அனுமதியும் பெற வேண்டும். விமானிகளின் பணி நேரமும் ஓய்வு நேரமும் கணக்கிடப்பட வேண்டும். பறப்புக்கு முந்திய 12 மணி நேரத்தில் அவர்கள் மது அருந்தியிருக்கக் கூடாது என்பதும், அதனை அறிய மூச்சுச் சோதனை நடத்த வேண்டும் என்பதும் விதிகள். இவற்றையெல்லாம் கண்காணிக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், 2020ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் சட்டபூர்வ அமைப்பாயிற்று. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்திற்கு மாற்றாக 2024ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

சிறு தவறு, பெரும் இழப்பு

சரிபார்ப்புப் பட்டியல் என்னும் முறை ஒரு விபத்தின் விளைவாக வலுப்பெற்றது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகருக்கு அருகில், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எஞ்சின் விமானம் ஒன்று எழும்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. விமானம் நிற்கும்போது காற்றில் அதன் இயக்கு தகடுகள் அசையாதிருக்கப் பூட்டு ஒன்று போடப்படும். அப்பூட்டை விடுவிக்க மறந்ததே காரணம். விமானத்தைச் செலுத்தியவர்கள் அனுபவம் மிக்கவர்கள். திறமை உள்ளவர்களுக்கும் நினைவு தவறலாம் என்பதை உணர்ந்த பின்னரே, எழும்புமுன் படிக்க வேண்டிய எழுத்துப் பட்டியல் வழக்கிற்கு வந்தது.

ஏறத்தாழ 79 ஆண்டுகளுக்குப் பின், 2014 மே 31 அன்று, அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் தனியார் ஜெட் விமானம் ஒன்று அதே வகைப் பூட்டை விடுவிக்காமலே ஓடுபாதையில் விரைந்து, எழும்ப இயலாமல் தீப்பற்றி, ஏழு பேரும் மாண்டனர். இடைப்பட்ட காலத்தில் பட்டியல்கள் பெருகியிருந்தன. அவ்விமானத்திலும் பட்டியல் இருந்தது. ஆனால் விசாரணையாளர்கள் அதன் பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, முந்திய 175 புறப்பாடுகளில் இயக்கு தகடுகளின் முழுச் சோதனை இரண்டே முறைதான் செய்யப்பட்டிருந்தது என்பது வெளிப்பட்டது. சோதனை செய்யாமலே பலமுறை பாதுகாப்பாகப் பறந்ததால், சோதனை தேவையற்றது என்ற எண்ணம் வேரூன்றி விட்டது.

1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லிமா நகரிலிருந்து புறப்பட்ட விமானத்தின் உயரத்தையும் வேகத்தையும் கருவிகள் சரிவரக் காட்டவில்லை. விமானத்தைக் கழுவுவதற்காகக் காற்றழுத்தத் துளைகள் மீது ஒட்டிய நாடா அகற்றப்படவில்லை. தரையில் எவர் கண்ணிலும் அது படவில்லை. 70 பேர் இறந்தனர்.

எடையும் எரிபொருளும்

வாடகை விமானத்தில் மிக அடிக்கடி எழும் சிக்கல் எடையும் எரிபொருளும் பற்றியது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மணிக்கு 600 கிலோ எரிபொருள் செலவிடும் சிறிய ஜெட் விமானம் ஒன்று இரண்டு மணி நேரம் பறக்க வேண்டும். பயணத்திற்கு 1200 கிலோ தேவை. எதிர்பாராச் செலவுக்கு அதில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ. இறங்க வேண்டிய இடம் மூடப்பட்டால் மாற்று நிலையம் செல்ல அரை மணி நேரத்திற்கு 300 கிலோ. இறுதி இருப்பாக மேலும் 30 நிமிடங்களுக்கு, அதே வீதத்தில் கணக்கிட்டால், 300 கிலோ. தரையில் ஓட 40 கிலோ. ஆக மொத்தம் 1900 கிலோ.

விமானம் எடை வரம்பை எட்டிய நிலையில், வாடகைக்கு எடுத்தவர் மேலும் இருவரைப் பெட்டிகளுடன் அழைத்து வருகிறார் எனில், சுமார் 200 கிலோ கூடும். அந்த 200 கிலோவை எரிபொருளில் குறைத்தால் பயணம் பெரும்பாலும் இடரின்றி முடியும். ஆனால் இறுதி இருப்பில் மூன்றில் இரு பங்கு மறைந்து விடும். இருவரை இறக்குவது, இடையில் இறங்கி எரிபொருள் நிரப்புவது என்ற இரண்டு வழிகளே முறையானவை. இரண்டுமே வாடிக்கையாளருக்கு உவப்பானவை அல்ல.

எடை பற்றிய அனுமானங்கள் பிழையாகலாம் என்பதற்கு, 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் ஷார்லட் நகரில் 21 பேரைப் பலிகொண்ட சிறு விமான விபத்து சான்றாகும். விமானத்தின் வால் பகுதித் தகட்டைச் சீரமைத்தபோது பராமரிப்பில் சில படிகள் விடுபட்டிருந்தன. அத்துடன், பயணிகளின் சராசரி எடை என ஏட்டில் இருந்த அளவு உண்மை எடையைவிடக் குறைவாக இருந்தது. இரு குறைகளும் ஒரே நாளில் ஒன்று சேர்ந்தன. பின்னர் அந்தச் சராசரி அளவு உயர்த்தப்பட்டது.

எரிபொருள் குறித்த மிகத் துயரமான பாடம், 2016 நவம்பர் 28 அன்று பொலிவியாவின் சான்டா குரூஸ் நகரிலிருந்து கொலம்பியாவின் மெடலின் நகருக்குச் சென்ற வாடகை விமானத்தினுடையது. பிரேசில் நாட்டின் கால்பந்துக் குழு ஒன்று அதில் பயணம் செய்தது. அளிக்கப்பட்ட பயணத் திட்டத்தில் பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிடம். எரிபொருள் தாங்கும் நேரமும் 4 மணி 22 நிமிடம். இருப்பு என்று எதுவும் இல்லை. புறப்படும் நிலையத்தில் பெண் அலுவலர் ஒருவர் இதனைக் கவனித்து ஆட்சேபம் தெரிவித்தார். எனினும் விமானம் புறப்பட்டது. இறங்க வேண்டிய இடத்தை நெருங்கும் வேளையில் எரிபொருள் முற்றும் தீர்ந்து மலையில் மோதியது. 77 பேரில் 71 பேர் மாண்டனர்.

இங்கே சரிபார்ப்பு நடைபெறவில்லை என்று கூற முடியாது. படிவம் இருந்தது, அதைப் படித்தவர் இருந்தார், குறையும் கண்டுபிடிக்கப்பட்டது. குறையைக் கண்டவரின் சொல் விமானத்தை நிறுத்தவில்லை என்பதே உண்மை.

மறுக்கும் அதிகாரம்

அட்டவணைப்படி இயங்கும் பெரிய நிறுவனங்களில் பயணத் திட்டம், எரிபொருள், சுமை ஆகியவற்றை இயக்கக் கட்டுப்பாட்டு நிலையத்திலுள்ள தனி அலுவலர்கள் கணக்கிடுகின்றனர். அவர்கள் பயணியை நேரில் காண்பதில்லை. சிறு வாடகை நிறுவனத்தில் இப்பணிகளில் பல ஒரே விமானியின் தோளில் விழுகின்றன; வாடகை கொடுப்பவரோ எதிரிலேயே நிற்கிறார். செல்லும் இடமும் பெரும்பாலும் புதியது. 2001 செப்டம்பரில் மாதவராவ் சிந்தியாவையும், 2009 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியையும் நாடு இழந்தபோது, அவர்கள் சென்றவை அட்டவணைக்கு உட்படாத பறப்புகளே. இரண்டும் மோசமான வானிலையில் முடிந்தன. இத்தகைய பயணங்களில் நேரத்திற்குப் போய்ச் சேர வேண்டும் என்ற நெருக்கடி இயல்பாகவே மிகுதி.

இதன் பொருளாதாரக் கூறு கவனிக்கத்தக்கது. ஒரு மணி நேரத் தாமதத்தின் விலை உடனே தெரிகிறது, கணக்கில் எழுதப்படுகிறது. தவிர்க்கப்பட்ட விபத்தின் மதிப்போ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. எனவே, புறப்பாட்டால் வருவாய் பெறுபவரிடமே அதனைத் தடுக்கும் பொறுப்பையும் முழுமையாக விட்டுவிட்டால், தராசு ஒருபுறம் சாய்வது இயற்கை. விமானத்தைச் செலுத்துவது பற்றிய இறுதி முடிவு தலைமை விமானிக்கே உரியது எனச் சர்வதேச விதி கூறுகிறது. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துபவரின் வேலைக்கும் ஊதியத்திற்கும் பாதுகாப்பு இருந்தால்தான் அவ்விதி உயிர் பெறும்.

இதற்குச் சில வழிகள் உண்டு. ஒரே நகரில் இயங்கும் சிறு நிறுவனங்கள் பல சேர்ந்து, பயணத் திட்டங்களைச் சரிபார்க்கும் பொது நிலையம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அதன் அலுவலர் எந்த ஒரு வாடிக்கையாளருக்கும் கட்டுப்படாதவராக இருப்பார். சேமித்து வைத்த படிவங்களைப் பதிவுக் கருவியின் தகவல்களோடு அவ்வப்போது ஒப்பிட்டால், ஏட்டில் உள்ளதும் நடப்பதும் ஒன்றா என்பது விளங்கும். பாதுகாப்புக் காரணத்தால் பயணம் நின்றால் நிறுவனத்திற்கு அபராதம் இல்லை என்ற விதி, வாடகை ஒப்பந்தத்திலேயே இடம் பெற வேண்டும்.

கடைசியாகக் கூறியதில் அரசுத் துறைகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் தனிப் பொறுப்பு உண்டு. அவையும் வாடகை விமானங்களின் வாடிக்கையாளர்களே. ஒப்பந்தப்புள்ளிகளைப் பரிசீலிக்கும்போது குறைந்த கட்டணத்தோடு நில்லாமல், புறப்பாட்டை யார் சரிபார்க்கிறார், அவருக்கு 'இல்லை' என்று சொல்லும் உரிமை எழுத்தில் உள்ளதா என்பதையும் கேட்டறியலாம். அவ்வுரிமை பயன்படுத்தப்பட்ட நாளில் பயணி விமான நிலையத்தில் சில மணி நேரம் காத்திருக்க நேரிடும். பாதுகாப்பான பயணத்திற்குரிய விலையில் அக்காத்திருப்பும் ஒரு பகுதி என்று கணக்கிடுவதே முறையாகும்.