மார்க்கா, நோட்டுப் புத்தகமா?

வேலை வேண்டித் திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் பட்டதாரிகள் பலர். "மார்க் குறைவு, யார் வேலை தருவார்?" என்பது சிலரின் ஏக்கம்.

அவர்கள் அறியவேண்டிய கதை, பக்கத்திலுள்ள திருக்கோவிலூரில் நடந்தது. ஆண்டு 1910. டிப்டி கலெக்டர் ராமசாமி அய்யரிடம் ஓர் இளைஞர் குமாஸ்தா வேலை கேட்டு வந்தார். கணக்கில் புலி; மற்றப் பாடங்களில் தோல்வி. பட்டம் இல்லை. கையில் கணக்கு நோட்டு மட்டுமே!

கணிதம் அறிந்த அய்யர் நோட்டைப் புரட்டினார், வியந்தார். சென்னைக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912-ல் இளைஞர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் 30 ரூபாய். 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அவர்தான் கணித மேதை ராமானுஜன்!

இன்றும், 60 சதவீதம் இல்லை என்றால் மனுவையே ஒதுக்கும் கம்பெனிகள் உண்டு. மார்க் பார்க்கட்டும், தவறில்லை. நோட்டையும் ஒரு முறை புரட்டட்டும்!