வாடகைக் கருவியா, சொந்தக் கருவியா?



நம் வட்டாரத்தில் புகைப்படத் தொழிலில் இறங்கும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். சிடாம் கிரி, பீடோங், சுங்கைப்பட்டாணி, பாடாங் செராய் என்று எந்தப் பக்கம் கல்யாணம் நடந்தாலும், மாரியம்மன் கோயிலில் திருவிழா நடந்தாலும், கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நம் தோட்டத்துப் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கிறோம். மனம் நிறைகிறது. ஆனால், படம் எடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வெளிச்சம் குறைந்த படத்தைத் தெளிவாக்க வேண்டும். கோணலை நிமிர்த்த வேண்டும். மணப்பெண்ணின் பின்னால் தெரியும் குப்பைத்தொட்டியை மறைக்க வேண்டும். இந்த வேலைகளைச் செய்யும் கருவிக்குத்தான் படத்திருத்த மென்பொருள் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத கருவிதான். ஆனாலும் கருவி கருவிதான்.

அந்தக் கருவியை எப்படி வாங்குவது என்பதே இன்றைய பேச்சு. ஒரே தடவை பணம் கொடுத்து வாங்குவதா? மாதாமாதம் சந்தா கட்டுவதா?

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பால்மரம் வெட்டுகிறவர். அவர் மகன் நம்மிடம் படித்தவன். "சார், பையன் போன்லே படம் திருத்துறதுக்கு எதையோ போட்டான். ஏழு நாள் சும்மா பார்க்கலாம்னு சொன்னாங்களாம். என்னோட பேங்க் கார்டு நம்பரைக் கொடுத்திருக்கான். புடிக்கலைன்னு ரெண்டே நாள்ல அழிச்சிட்டான். ஆனா அஞ்சு மாசமா காசு போய்க்கிட்டே இருக்கு. இல்லாத சாமானுக்கு எதுக்கு சார் காசு?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, முதலில் இரண்டு முறைகளின் குணத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்து வீடு நமக்குப் பழக்கமானது. வேலையில் இருக்கும்வரை வீட்டில் இருக்கலாம். கூரை ஒழுகினால் நிர்வாகம் பார்க்கும். வேலை நின்றால், அல்லது தோட்டம் கைமாறினால், முப்பது ஆண்டு வாழ்ந்த வீடானாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். சந்தா முறை இதைப் போன்றது. பணம் கட்டும்வரை கருவி உங்கள் கையில் இருக்கும். பழுது பார்ப்பதும் புதுப்பிப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. பணம் நின்றால் கதவு சாத்தப்படும். ஒரே தடவை வாங்கும் முறை சொந்த வீட்டைப் போன்றது. முதலில் பெரிய தொகை வேண்டும். பிறகு யாரும் வெளியேறச் சொல்ல மாட்டார்கள். ஆனால் கூரை ஒழுகினால் நாம்தான் பார்க்க வேண்டும்.

இந்தச் சந்தா முறை எப்படி வந்தது? போட்டோஷாப் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய அந்த மென்பொருளை அடோபி நிறுவனம் 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அது பெட்டியில் வைத்து விற்கப்பட்டது. 2012-இல் வந்த சி.எஸ்.6 என்ற பதிப்பின் விலை 699 அமெரிக்க டாலர். விலை அதிகம்தான், ஆனால் வாங்கியவர் அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். 2013 மே மாதத்தில் அந்நிறுவனம், இனிப் புதிய பதிப்புகள் சந்தாவில்தான் கிடைக்கும் என்று அறிவித்தது. பிறகு வேறு பல நிறுவனங்களும் அந்த வழியில் நடந்தன.

சந்தாவில் நன்மை இல்லாமல் இல்லை. முதலில் பெரிய தொகை தேவையில்லை. கையில் ஐம்பது வெள்ளி இருந்தால் இன்றே வேலை தொடங்கலாம். புதிய வசதிகள் தாமாகவே வந்து சேரும். புதிய கேமரா வாங்கினால் அதன் படங்களையும் மென்பொருள் புரிந்துகொள்ளும். மாதந்தோறும் நிச்சயமான வருமானம் உள்ள போட்டோக் கடைக்காரருக்கு இது வசதியான முறை.

சிக்கல் எங்கே என்றால், நம் வருமானம் மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி இருப்பதில்லை. மழை விடாமல் பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் மங்கில் பால் குறைகிறது. கல்யாணப் படம் எடுக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். தை மாதத்தில் நிற்க நேரமிருக்காது. ஆடி மாதத்தில் அழைப்பவர் இருக்க மாட்டார். சந்தாவுக்கு ஆடியும் தெரியாது, அடைமழையும் தெரியாது. குறித்த தேதியில் வந்து நிற்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பென்சிலும் தாளும் இருந்தால் நீங்களும் சேர்ந்து போடுங்கள். எளிமைக்காகச் சந்தா மாதம் 50 வெள்ளி என்றும், ஒரே தடவை வாங்கும் மென்பொருள் 300 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம். ஆறு மாதச் சந்தாவே 300 வெள்ளி ஆகிவிடுகிறது. ஏழாவது மாதத்திலிருந்து சொந்தமாக வாங்கியவர் முன்னே போகிறார். அந்த மென்பொருளை நான்கு ஆண்டுகள் பயன்படுத்தினால், 300 வெள்ளியை 48 மாதங்களுக்குப் பங்கிட வேண்டும். மாதத்துக்கு ஆறே கால் வெள்ளிதான் வருகிறது. சந்தா கட்டுகிறவர் அதே நான்கு ஆண்டுகளில் 2,400 வெள்ளி கட்டியிருப்பார்.

இதோடு வரியையும் சேர்க்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் இணையத்தின் வழி விற்கும் சேவைகளுக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் சேவை வரி விதிக்கப்படுகிறது. முதலில் 6 விழுக்காடாக இருந்தது, 2024 மார்ச் முதல் 8 விழுக்காடாயிற்று. 50 வெள்ளி 54 வெள்ளியாகும். விலை டாலரில் இருந்தால், டாலர் ஏறும்போது நம் செலவும் ஏறும். சந்தா விலையும் மாறாமல் இருப்பதில்லை. அடோபியின் புகைப்படத் திட்டம் ஒன்று நெடுங்காலம் மாதம் 9.99 டாலராக இருந்தது. 2025 ஜனவரியில் அதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். மாதாமாதம் கட்டிவந்த பழையவர்களுக்கு 14.99 டாலராக உயர்த்தினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "மாதச் சந்தா" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே சிறிய எழுத்தில் "ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணை" என்று இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. முதலாவதை எந்த மாதமும் நிறுத்தலாம். இரண்டாவதை நடுவில் நிறுத்தினால் அபராதம் கேட்பார்கள். மீதித் தொகையில் பாதி அபராதம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாதம் கட்டி நிறுத்தினால், மீதி எட்டு மாதத்துக்கு 400 வெள்ளி. அதில் பாதி 200 வெள்ளி. மென்பொருளும் போய், பணமும் போகும். இந்த நிறுத்தக் கட்டணத்தை வாடிக்கையாளருக்குத் தெளிவாகக் காட்டவில்லை என்று கூறி, 2024 ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசு அடோபி நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இது வழக்காகும் அளவுக்குச் சிக்கல் என்றால், நாம் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

அப்படியானால் சொந்தமாக வாங்குவதே எப்போதும் சிறந்ததா? அவசரப்பட வேண்டாம். சொந்த வீட்டுக்கும் செலவு உண்டு என்று சொன்னோம் அல்லவா? லைட்ரூம் என்ற மென்பொருளின் ஆறாம் பதிப்பு 2015-இல் வந்தது. ஒரே தடவை வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு அதுதான். 2017-ஆம் ஆண்டோடு அதற்குப் புதுப்பிப்பு நின்றது. பிறகு வந்த கேமராக்களின் மூலப்படங்களை அதனால் நேராகத் திறக்க முடியாது. வேறு வடிவத்துக்கு மாற்றித்தான் திறக்க வேண்டும். 2019-இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளின் இயக்குமுறையை மாற்றியபோது, அதுவரை ஓடிய பழைய மென்பொருள்கள் பல ஒரே இரவில் ஓடாமல் போயின. ஆகவே, "ஒரே தடவை" என்றால் சாகும்வரை என்று பொருளல்ல. நான்கைந்து ஆண்டுக்கு வரும் என்று கணக்கிடுவதே அறிவுடைமை. வாங்கியபோது கொடுக்கும் உரிம எண்ணையும் ரசீதையும், மண்ணுரிமைப் பத்திரத்தைப் போலப் பத்திரமாக வைத்திருங்கள். கணினி கெட்டுப்போனால் மறுபடியும் பதிக்க அவைதாம் உதவும்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பணமே இல்லாமல், சட்டப்படி கிடைக்கும் நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. ஜிம்ப் என்பது அவற்றில் ஒன்று. 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை அது. இன்றும் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். அதன் மூன்றாம் பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. அஃபினிட்டி என்ற மென்பொருள் நெடுநாள் ஒரே தடவை விலைக்கு விற்கப்பட்டது. அதைக் கான்வா நிறுவனம் 2024-இல் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. செயற்கை அறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா கேட்கிறது. கைப்பேசி மட்டுமே உள்ளவர்களுக்கு ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலி இருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனம் இன்று இலவசமாகக் கொடுப்பது, நாளையும் அப்படியே இருக்கும் என்று உறுதியில்லை. ஜிம்ப் போன்று பொதுச்சொத்தாக வளர்வதற்கு அந்தக் கவலை குறைவு.

இலவசம் என்றதும் திருட்டுப் பிரதியை நினைத்துவிடக் கூடாது. நண்பனிடம் வாங்கிப் பதிக்கும் பூட்டுடைத்த பிரதி, 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். அதில் ஒளிந்து வரும் நச்சுநிரல், ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுவதையும் அழித்துவிடலாம். போன படம் வராது. மறுபடியும் தாலி கட்டச் சொல்ல முடியுமா?

சரி, யாருக்கு எது பொருந்தும்? குடும்பப் படங்களை மட்டும் திருத்துகிறவர் இலவச மென்பொருளோடு நிற்கலாம். தொழில் பழகும் பிள்ளையும் அதில் ஓர் ஆண்டு பழகட்டும். வெளிச்சம், நிறம், அளவு ஆகியவற்றின் பாடம் எல்லா மென்பொருளுக்கும் பொதுதான். ஆண்டுக்கு ஏழெட்டுக் கல்யாணம் எடுப்பவர், தமக்குப் பொருந்தும் ஒன்றை ஒரே தடவை வாங்குவது நல்லது. வாரந்தோறும் வேலை உள்ளவரும், ஒரே மென்பொருளைப் பயன்படுத்தும் கடைகளோடு சேர்ந்து உழைப்பவரும் சந்தா கட்டலாம். அதற்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுச் சந்தா முழுவதும் ஒரு கல்யாணத்தின் கூலியிலேயே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அது நமக்கு இன்னும் எட்டாத கருவி.

எதைத் தேர்ந்தாலும் படங்களை உங்கள் சொந்த வட்டில் இரண்டு பிரதியாக வையுங்கள். திருத்திய படத்தை எல்லா மென்பொருளும் திறக்கக்கூடிய ஜேபெக் வடிவிலும் சேமியுங்கள். சந்தா நின்றாலும் படம் நம்மிடம் இருக்கும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கைப்பேசியிலிருந்து செயலியை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் வாடகை நின்றுவிடுமா? சொல்லிவிட்டுப் போக வேண்டும் அல்லவா? ஆண்ட்ராய்டு கைப்பேசியானால் பிளே ஸ்டோரிலும், ஐபோனானால் அமைப்புகள் பகுதியில் உங்கள் பெயருக்குக் கீழும், சந்தாக்களின் பட்டியல் இருக்கும். அதைத் திறந்துதான் நிறுத்த வேண்டும். பையனை அழைத்து, தாயின் கண்முன்பே பட்டியலைத் திறக்கச் சொன்னோம். அந்த ஒன்று மட்டுமல்ல, அவன் மறந்துபோன வேறொன்றும் அதில் இருந்தது. இரண்டையும் நிறுத்தினான். போன ஐந்து மாதப் பணம் திரும்பவில்லை. தலை குனிந்து நின்ற பையனிடம் தாய் ஒன்றும் சொல்லவில்லை. "எத்தனை நாள் வெட்டின காசு" என்று மட்டும் நம்மிடம் மெதுவாகச் சொன்னார். அந்தப் பையன் இப்போது ஜிம்ப் பழகுகிறான். இலவசச் சோதனை எதிலும் சேர்ந்தால், முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே நாட்காட்டியில் குறித்து வைக்கிறான்.

மாதாமாதம் பணம் கட்டுவதில் தவறே இல்லை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் பாட்டன் பாட்டிமார் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் பங்கு சேர்த்தார்கள். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம். அவர்கள் கட்டிய பணம் மண்ணாக நின்றது. ஆகவே, மாதம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டி முடித்தபின் நம் கையில் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய வீட்டில் பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள்.

இன்றிரவு உங்கள் வீட்டுக் கைப்பேசிகளை எடுத்து, சந்தாப் பட்டியலைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒருமுறை பாருங்கள்.