கோமாளி மீனின் குடித்தனம்

பூரிக்கட்டையை ஓங்கியபடி வாசற்படியில் நிற்கும் பருத்த மனைவியும், அவளெதிரே கூனிக் குறுகி நிற்கும் மெலிந்த கணவனும் பத்திரிகைகளின் விகடச் சித்திரங்களில் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றனர். அமெரிக்கப் பத்திரிகைகளில் 1913-ஆம் ஆண்டில் ஜார்ஜ் மக்மேனஸ் வரையத் தொடங்கிய மேகி, ஜிக்ஸ் தம்பதியர் பூரிக்கட்டை விஷயத்தில் உலகப் பிரசித்தி பெற்றவர்கள். நம் வாரப் பத்திரிகைத் துணுக்குகளிலோ இவர்களுக்குப் பெயர்கூடத் தேவைப்படுவதில்லை. சித்திரக்காரரின் கற்பனை என்று நாம் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் இக்குடித்தனம், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கும் மன்னார் வளைகுடாவில், பவளப் பார்களை அடுத்த ஆழமற்ற மணற்பரப்பில், மெய்யாகவே நடந்துகொண்டிருக்கிறது.

கரும்பழுப்பு மேனியில் இரண்டு வெள்ளைப் பட்டைகளும் மஞ்சள் வாலும் உடைய, ஒரு சாண் நீளத்தையும் எட்டாத கோமாளி மீன்தான் அங்கே குடித்தனக்காரர். வீடு, கடற்சாமந்தி. மலரின் பெயர் பூண்டிருந்தாலும் அது விஷ ஊசிகள் நிறைந்த கைகளை விரித்து இரைக்குக் காத்திருக்கும் ஒரு ஜந்து. மேனியைப் போர்த்தியுள்ள வழவழப்பான திரவத்தின் காப்பினால் கோமாளி மீன் அவ்விஷத்துக்கு அஞ்சாமல் அதனுள்ளேயே வசிக்கிறது. வெளியே வெகுதூரம் சென்றாலோ பெரிய மீன்களுக்கு இரையாகிவிடும்.

ஒரு வீட்டில் மிகப் பெரியவள் பெண். அடுத்த அளவினன் அவள் கணவன். அவர்களோடு, இனவிருத்தியில் பங்கில்லாத சில சிறு மீன்களும் இருப்பதுண்டு. பெண் கணவனைத் துரத்துகிறாள், முட்டுகிறாள், அதட்டவும் செய்கிறாள். அதட்டல் என்பது இங்கே அலங்காரச் சொல்லன்று. கீழ்த்தாடை வெடுக்கென்று மூடும்போது பற்கள் மோதி எழுப்பும் 'டக் டக்' என்ற ஒலியே அது என்பதை எரிக் பார்மாந்தியே என்ற பெல்ஜிய விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2007-இல் விளக்கினர். அதட்டப்பட்ட மீனோ, தலையை நடுக்கி, பணிவைக் காட்டும் வேறொரு ஒலியை எழுப்புகிறது.

இதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோமாளி மீன் முதலில் ஆணாகி, சந்தர்ப்பம் வாய்த்தால் பிறகு பெண்ணாக மாறும் ஜாதி. பெண்ணின் அடக்குமுறை நீடிக்கும்வரை ஆண் ஆணாகவே இருக்கிறது என்றும், அவள் மறைந்தால் அதுவே பெண்ணாக மாறிவிடுகிறது என்றும் ஹான்ஸ் ஃப்ரிக்கே 1977-இல் எழுதினார். அப்போது அடுத்த சிறு மீன் வளர்ந்து கணவன் ஸ்தானத்தை ஏற்கிறது. பப்புவா நியூ கினியில் இம்மீனின் உறவினமொன்றை ஆராய்ந்த பீட்டர் பஸ்டன் 2003-இல் வெளியிட்ட செய்தி இதைவிட ஆச்சரியமானது: ஒவ்வொரு மீனும் தனக்கு மேலுள்ளதன் அளவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போகாதபடி தன் வளர்ச்சியையே கட்டுப்படுத்திக்கொள்கிறது. மீறி வளர்ந்தால் போட்டியாளனாகி வீட்டைவிட்டு விரட்டப்படலாம், விரட்டப்பட்டால் மரணம். ஆகவே, அந்த ஓயாத அதட்டல் பெருஞ்சண்டை மூளாமல் தடுத்து, ஒரே வீட்டில் அனைவரும் உயிர்பிழைக்க வழிசெய்கிறது.

கணவனும் சும்மா இருப்பவன் அல்லன். கடற்சாமந்தியின் அடியை ஒட்டிய கெட்டியான பரப்பில் பெண் இட்டுச் செல்லும் நூற்றுக்கணக்கான முட்டைகளைத் துடுப்பால் விசிறிப் பிராணவாயு ஊட்டுவதும், கெட்டவற்றை வாயால் பொறுக்கி அகற்றுவதும் பெரும்பாலும் அவன் வேலை. ஒரு வாரம், பத்து நாளில், இருட்டிய பின் குஞ்சுகள் வெளிவந்து நீரோட்டத்தோடு போய்விடுகின்றன.

இக்குடித்தனத்துக்கு வெப்பம் பெரும் பகை. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. கடற்சாமந்தியும் அவ்வாறே வெளுக்கக்கூடியது. பசிபிக் கடலின் மூரியாத் தீவில், வெளுத்த கடற்சாமந்திகளில் வாழ்ந்த கோமாளி மீன்களின் முட்டையீடு வெகுவாகக் குறைந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். கண்ணாடித் தொட்டிக்காரர்களின் ஆசை மற்றொரு பகை. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் இம்மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறை கைவந்துவிட்டபடியால், ஆசையுள்ளவர்கள் தொட்டியில் பிறந்தவற்றையே கேட்டு வாங்குவது நியாயம். கடலில் ஒரு வீட்டின் பெரிய மீனைப் பிடித்துவிட்டால் போவது அவ்வீட்டின் ஒரே தாய். எஞ்சிய கணவன் பெண்ணாக மாறி முட்டையிடப் பல வாரங்கள் பிடிக்கும், அதுவரையில் அங்கே குஞ்சு இல்லை.