திரை கறுத்தால் கடைக்கு ஓடாதீர்கள்! மானிட்டர் சாகவில்லை!

ராத்திரி நன்றாக இருந்த மானிட்டர், காலையில் கண் திறக்கவில்லை!

புரசைவாக்கத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஒருவருக்கு நேர்ந்த கதி இது.

அன்று புதன்கிழமை. தேதி 11. ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு அதுதான் கடைசி நாள். ஆறு கடைக்காரர்களின் கணக்கு அவர் கையில்!

அந்தத் தேதி தவறினால் சங்கடம் கடைக்காரருக்கு மட்டும் இல்லை. அவரிடம் சரக்கு வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டிய வரிக் கழிவும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும். "உன்னால்தான் எனக்கு நஷ்டம்" என்று சண்டை வரும்.

அவர் மேஜையில் இரண்டு திரைகள். ஒன்று லேப்டாப்பின் சொந்தத் திரை. இன்னொன்று, கேபிள் போட்டு இணைத்த பெரிய மானிட்டர். ஒன்றில் பில். மற்றதில் அரசாங்க இணையதளம். இதைப் பார்த்து அதில் ஏற்றுவார்.

அன்று காலை பெரிய மானிட்டரில் ஒரே இருட்டு. நடுவில் இரண்டே சொல் மிதந்தது:- "நோ சிக்னல்!"

சுவிட்சை அணைத்தார். போட்டார். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினார். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். ஊஹூம்!

தெரிந்த கடைக்கு டெலிபோன் செய்தார். "வாங்கி நாலு வருஷம் ஆச்சா? அப்ப போயிருக்கும் சார். புதுசு போட்டுடுங்க" என்று பதில் வந்தது.

மனசு கேட்கவில்லை. மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றினார். ஆட்டோ பிடித்தார். நேரே ரிச்சி தெரு!

நோயாளி எங்கே?

மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவைத் தெரியாதவர் உண்டா? ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகம் தேடிப் போன இடம். இப்போது கம்ப்யூட்டர், செல்போன் என்று எதுவும் கிடைக்கும்.

அங்கே ஒரு சின்னக் கடை. மெக்கானிக் அந்த மானிட்டரைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

பளிச்! படம் வந்துவிட்டது.

"மானிட்டருக்கு ஒரு கேடும் இல்லை சார். லேப்டாப் எங்கே?"

"வீட்டில் இருக்கு."

"நோயாளியை வீட்டில விட்டுட்டு, துணைக்கு வர்றவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே!"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கணக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. மணி 12 ஆகியிருந்தது.

மெக்கானிக் இன்னொன்றும் கேட்டார்:- "ராத்திரி லேப்டாப்பில் அப்டேட் ஏதாவது ஏறுச்சா?"

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. நள்ளிரவு 1 மணி வரை கணக்குப் பார்த்தார். அணைக்கப் போனபோது "அப்டேட் செய்து அணைக்கவா?" என்று லேப்டாப் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் "சரி" என்று அமுக்கினார். படுத்துவிட்டார்.

வினையே அங்கேதான்!

டிரைவர் மாறிய கதை

கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவில் ஒரு ஆள் உண்டு. அவருக்குப் பெயர் "டிரைவர்". பஸ் ஓட்டுகிறவர் அல்ல. இது ஒரு மென்பொருள்.

படத்தை உண்டாக்குவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சில்லு. அந்தச் சில்லுக்கு உத்தரவு போட விண்டோசுக்கு நேரடியாகத் தெரியாது. டிரைவர்தான் நடுவில் நின்று மொழிபெயர்க்கும்.

மானிட்டரும் சும்மா இருக்காது. கேபிள் மாட்டியதும் "நான் இன்னார், எனக்கு இத்தனை புள்ளி அகலம், இத்தனை புள்ளி உயரம்" என்று தன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரிடம் ஒப்பிக்கும். டிரைவர் அதைப் படித்து, அந்த அளவுக்குப் படம் அனுப்பும்.

அப்டேட் வரும்போது சில சமயம் டிரைவரும் மாறும். புது டிரைவருக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒத்துப் போகாவிட்டால் தொல்லைதான். மானிட்டர் ஜாதகம் சொல்லும். கேட்க ஆள் இருக்காது. படம் வராது. "நோ சிக்னல்" வரும்.

அது மானிட்டரின் மரண அறிவிப்பு அல்ல. "நான் விழித்திருக்கிறேன், எனக்கு யாரும் ஒன்றும் அனுப்பவில்லை" என்ற முறையீடு!

செவ்வாய் ராத்திரி

விண்டோஸ் அப்டேட்டுக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. 2003-ம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாப்ட் வெளியிட்டு வருகிறது. அங்கே காலை 10 மணி என்றால், நம் கடிகாரத்தில் செவ்வாய் ராத்திரி பத்தரை அல்லது பதினொன்றரை.

இரண்டாவது செவ்வாய் எப்போது வரும்? 8-ந்தேதிக்கும் 14-ந்தேதிக்கும் இடையில். விற்பனைக் கணக்குக்குக் கெடு 11-ந்தேதி. அமெரிக்காக்காரன் அவன் சவுகரியத்துக்கு நாள் குறித்தான். இடிபடுவது புரசைவாக்கம் கணக்கர்!

தவித்த மேக்காரர்கள்

இது விண்டோஸ் வைத்திருப்பவர்களின் தலையெழுத்து மட்டுமா என்றால், இல்லை. விலை உயர்ந்த ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் தவித்திருக்கிறார்கள்.

2018-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் "ஹை சியரா 10.13.4" என்ற அப்டேட்டை ஆப்பிள் வெளியிட்டது. ஏற்றியவர்களில் ஒரு பகுதியினருக்கு அதிர்ச்சி! கூடுதல் மானிட்டர்கள் இருண்டுவிட்டன.

யாருக்கு? "டிஸ்பிளே லிங்க்" என்ற சில்லு பொருத்திய பெட்டி மூலம் மானிட்டரை இணைத்திருந்தவர்களுக்கு. இந்தப் பெட்டி யு.எஸ்.பி. வழியாக வேலை செய்யும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு மென்பொருள் படத்தைப் பிடித்து, சுருக்கி, யு.எஸ்.பி. கேபிளில் தள்ளும். பெட்டிக்குள் இருக்கும் சில்லு அதைப் பிரித்து மானிட்டருக்குக் கொடுக்கும்.

அப்டேட் வந்ததும் அந்த மென்பொருள் போய்வந்த வழி அடைபட்டது. நேரடியாகக் கேபிள் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டிக்காரர்களுக்கு மட்டும் இருட்டு!

"அப்டேட் செய்யாதீர்கள். பழைய 10.13.3-லேயே இருங்கள்" என்று டிஸ்பிளே லிங்க் நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது. பிறகு ஒரு மாற்று டிரைவர் கொடுத்தார்கள். அதில் ஒரே படத்தை இரண்டு திரையிலும் பார்க்கலாம். ஆனால் இரண்டு திரையிலும் வெவ்வேறு வேலை செய்யத்தானே இரண்டு திரை? அதற்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அவர்கள் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை. பெட்டியும் கெடவில்லை. மானிட்டரும் கெடவில்லை. எங்கோ ஒருவர் ஒரு கதவைச் சாத்தினார். இங்கே மேஜையில் விளக்கு அணைந்தது!

அப்டேட்டே வேண்டாமா?

"அப்படியானால் இந்தச் சனியனே வேண்டாம்" என்று அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

கூடாது!

2017-ம் ஆண்டு மே 12-ந்தேதி "வான்னாகிரை" என்ற வைரஸ் உலகத்தையே உலுக்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, "300 டாலர் கொடு" என்று மிரட்டியது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களைத் தள்ளிப் போட்டார்கள். 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் மாட்டின.

அதைத் தடுக்கும் அப்டேட் எப்போது வந்தது தெரியுமா? அதே ஆண்டு மார்ச் 14-ந்தேதி. இரண்டு மாதம் முன்பே! ஏற்றியவர்கள் தப்பினார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றவர்கள் அழுதார்கள்.

ஆக, அப்டேட் வேண்டும். நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். கெடு தேதிக்கு முன்னால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "ஒரு வாரம் நிறுத்தி வை" என்ற பொத்தானை அமுக்கலாம். கணக்குத் தாக்கல் ஆனதும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும். கடைக்காரர்கள் தீபாவளி வாரத்திலும் இதைச் செய்யலாம்.

நீங்களே பார்க்கலாம்

திரை கறுத்துவிட்டால் என்ன செய்வது? கடைக்கு ஓடும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை வருமாறு:-

* மானிட்டரில் இருக்கும் மெனு பொத்தானை அமுக்குங்கள். மெனு தெரிந்தால் திரைக்கு உயிர் இருக்கிறது. விளக்கும் எரியாமல், மெனுவும் வராமல் இருந்தால்தான் அதன் மேல் சந்தேகப்பட வேண்டும்.

* அதே கேபிளை வீட்டு டெலிவிஷனில் மாட்டிப் பாருங்கள். அதிலும் இருட்டு என்றால் கோளாறு லேப்டாப்பிலோ கேபிளிலோதான். மானிட்டரை விட்டுவிடுங்கள்.

* மானிட்டரின் மின்சார பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துச் சொருகுங்கள். ஜாதகத்தைப் புதிதாக ஒப்பிக்கும்.

* விண்டோஸ் பொத்தானோடு "பி" எழுத்தை அமுக்குங்கள். நாலு வழி காட்டும். "எக்ஸ்டெண்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு இது "பி.சி. ஸ்கிரீன் ஒன்லி" என்று மாறிக் கிடந்தாலும் மானிட்டர் இருளும்.

* விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், "பி" என்று உச்சரிக்கும் ஆங்கில இரண்டாம் எழுத்து. நாலையும் சேர்த்து அமுக்கினால் திரை ஒரு தரம் சிமிட்டும். கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும்.

* அதற்கும் மசியாவிட்டால் "டிவைஸ் மேனேஜர்". அதில் "டிஸ்பிளே அடாப்டர்ஸ்". அங்கே தெரியும் பெயரைத் திறந்து "டிரைவர்" பகுதிக்குப் போங்கள். "ரோல் பேக் டிரைவர்" என்று இருக்கும். அமுக்கினால் பழைய டிரைவர் திரும்பி வரும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் டிரைவரை இறக்கிக்கொள்ள வேண்டும்.

* மேக்கில் டிஸ்பிளே லிங்க் பெட்டி வைத்திருப்பவர்கள், "ஸ்கிரீன் ரெக்கார்டிங்" அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2019-ல் வந்த "காடலினா" முதல் இந்த அனுமதி தேவை. இல்லாவிட்டால் திரை இருட்டுதான்.

ராத்திரி 9 மணி

மானிட்டரோடு வீடு திரும்பிய கணக்கருக்கு, மெக்கானிக் டெலிபோனிலேயே வழி சொன்னார். "இன்னும் கீழே போங்க... அதேதான்... ரோல் பேக் அமுக்குங்க." பழைய டிரைவர் வந்து உட்கார்ந்தது. லேப்டாப்பை ஒரு தரம் அணைத்துப் போட்டதும் படம் வந்தது!

மணி அப்போது இரண்டரை. சாப்பாட்டை மறந்தார். ஒவ்வொரு கடையாக ஏற்றினார். ராத்திரி 9 மணிக்கு ஆறாவது கடையின் கணக்கும் தாக்கல் ஆனது. அதன் பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

சோதித்துப் பார்க்க மெக்கானிக் வாங்கியது 100 ரூபாய். ஆட்டோவுக்குப் போனது அதைவிட அதிகம்!

"அந்தக் கடைக்காரர் பேச்சைக் கேட்டுப் புது மானிட்டர் வாங்கியிருந்தால் பல ஆயிரம் போயிருக்குமே?" என்று கேட்டோம்.

"பணம் போனால் போகட்டும் சார்" என்றார் அவர். "புதுசை வாங்கி மாட்டியிருந்தாலும் அதிலும் நோ சிக்னல்தானே வந்திருக்கும்? அன்னிக்கு 11-ந்தேதி சார்!"