மூட்டு வீக்கமும் மூலிகைச் சூடும்

காலில் முள் குத்துகிறது. அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, வலிக்கிறது. ஏன்?

நம் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இவை உடலின் காவல்காரர்கள். முள்ளோடு கிருமியும் உள்ளே போகும். உடனே காவல்காரர்கள் அங்கே ஓடி வருவார்கள். கிருமியோடு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையால் வருவதுதான் வீக்கம். இதற்கு அழற்சி என்று பெயர். கிருமி அழிந்ததும் வீக்கம் வடிந்துவிடும்.

காவல்காரர்களில் பல வகை உண்டு. சிலர் சண்டையை மூட்டுவார்கள். சிலர் “போதும், நிறுத்து” என்று அடக்குவார்கள். இரு தரப்பும் தராசுத் தட்டுகள் போலச் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உடல் நலமாக இருக்கும்.

வேலியே பயிரை மேய்ந்தால்?

சிலருக்கு இந்தத் தராசு சாய்ந்துவிடுகிறது. கிருமி இல்லாமலே காவல்காரர்கள் மூட்டைத் தாக்குகிறார்கள். வேலியே பயிரை மேய்வது போல! இதுதான் முடக்குவாதம்.

வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு. இது வேறு. முடக்குவாதம் இளம் வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும்.

காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. அரை மணி நேரத்துக்கு மேலும் விறைப்பாக இருக்கும். இரண்டு கைகளிலும் மூட்டுகள் வீங்கும். கவனிக்காமல் விட்டால் எலும்பு அரித்துப் போகும். விரல்கள் கோணிவிடும். பிறகு அவற்றை நேராக்குவது கடினம்.

சீனாவின் மூலிகைச் சூடு

சீனாவில் மூட்டு வலிக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலையைக் காய வைப்பார்கள். அதை இடித்துப் பஞ்சு போல ஆக்குவார்கள். சுருட்டுப் போலச் சுற்றி, நுனியில் நெருப்பு வைப்பார்கள். தோலில் படாமல், 2 அல்லது 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பார்கள். தோல் சூடாகிச் சிவக்கும்.

இந்த வைத்தியம் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 1973-இல் சீனாவில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டினார்கள். அங்கே கிடைத்த பட்டுத் துணி ஏடுகளில் இதைப் பற்றி எழுதியிருந்தது.

இதனால் பலன் உண்டா?

சூடு பட்டால் இரத்த ஓட்டம் கூடும். தசை இளகும். வலி குறைந்தது போல இருக்கும். வெந்நீர் ஒத்தடமும் இப்படித்தான் இதம் தரும்.

மூட்டு வீக்கம் உள்ள எலிகளுக்கு இந்தச் சூட்டைக் கொடுத்து ஆராய்ந்தார்கள். வீக்கம் குறைந்தது. அழற்சியைத் தூண்டும் ‘டிஎன்எஃப்’ என்ற பொருளும் குறைந்தது. சில ஆராய்ச்சிகளில், அடக்கும் அணுக்கள் கூடின. சாய்ந்த தராசு கொஞ்சம் நிமிர்ந்தது.

ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. மனிதரிடம் நடந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றில் பலர் மருந்தும் சாப்பிட்டு வந்தார்கள். அதனால் பலன் சூட்டினால் வந்ததா, மருந்தினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எலும்பு அரிப்பதைச் சூடு தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. அதைத் தடுக்க மருந்து வேண்டும்.

நினைவில் வையுங்கள்

விரல் மூட்டுகள் வீங்கிச் சில வாரங்கள் ஆகியும் குறையவில்லையா? உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம்.

இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைப் பெரும்பாலும் தருவார்கள். இதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று எழுதி வையுங்கள்.

சூட்டு வைத்தியத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சூடு உறைக்காமல் போகலாம். தோல் வெந்து புண்ணாகிவிடும்.

இரும்பைக் காய்ச்சிச் சூடு போடும் பழக்கம் நம் நாட்டில் சில இடங்களில் உண்டு. அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். அதனால் முடக்குவாதம் தீராது. தீப்புண்தான் மிஞ்சும்.