அச்சுக்கோப்பு முறையும் துணைப்பொதிகளும்

ஹைதராபாத் நகரின் வடமேற்குப் பகுதியில் சனத்நகர் என்னும் தொழிற்பகுதி அமைந்துள்ளது. ஆலைகளும் பட்டறைகளும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் அங்கு உள்ளன. இத்தகைய பகுதியிலுள்ள ஆலை ஒன்று தன் தொழிலாளர்க்கு ஓர் எச்சரிக்கைத் தாள் அச்சிட விரும்புகிறது எனக் கொள்க. அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்கவேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றலாகாது என்பது அதன் செய்தி. தெலுங்கு, உருது, தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் அத்தாள் வெளிவரவேண்டும்.

செய்தி எளிதாயினும் அதனை அச்சிற் கொணர்தல் எளிதன்று. தெலுங்கில் மெய்கள் இரண்டு சேருமிடத்துப் பின்வரும் மெய் பெரும்பாலும் முன்னதன் கீழே உருமாறி அமையும். உருது வலமிருந்து இடமாகச் செல்வது. அதன் நஸ்தாலிக் எழுத்து வரியின்மேல் சரிந்து இறங்குவது. ஆயினும் அதனிடையே வரும் எண்கள் இடமிருந்து வலமாகவே செல்லும். தமிழிலோ ‘கொ’ என்னும் ஓர் உயிர்மெய்யின் குறிகள் மெய்க்கு முன்னொன்றும் பின்னொன்றுமாகப் பிரிந்து நிற்கின்றன. திசை விதியை அறியாத கருவியிடம் உருது வாக்கியத்தை ஒப்படைத்தால் சொற்கள் தலைகீழாக வரிசைப்படும். எச்சரிக்கைத் தாளில் நேரும் அத்தகைய பிழை கண்ணுக்கு அழகின்மை என்ற அளவில் நின்றுவிடுவதன்று.

இவ்விடர்களையெல்லாம் ஒரே கருவியினுள் அடைத்துவைக்க முயலாமல், அவ்வவற்றிற்கு வேண்டிய விதிகளைத் தனித்தனியே எழுதிச் சேர்த்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. ‘டெக்’ என்னும் கணிப்பொறி அச்சுக்கோப்பு முறையும் அதன் ‘பேக்கேஜ்’களுமே அது. பேக்கேஜ் என்பது இங்குத் துணைப்பொதி எனப்படும்.

டெக் முறையை இயற்றியவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக் கணிப்பொறியியல் பேராசிரியரான டொனால்டு நூத் என்பவர். அவர் எழுதிய பெருநூலொன்றின் மறுபதிப்பிற்குரிய அச்சுப்படிகள் 1977இல் அவர் கைக்கு வந்தன. அவற்றின் தோற்றம் அவருக்கு மனநிறைவளிக்கவில்லை. ஈய அச்சுக் காலத்தின் நேர்த்தியைக் கணிப்பொறியாலும் பெறவேண்டும் என்று அவர் தொடங்கிய வேலை 1978இல் முதன்முதலாக வெளிவந்தது. 1982இல் முற்றும் திருத்தி எழுதப்பட்டது. அதன் அடிப்படைக் கட்டளைகள் ஏறத்தாழ 300. ஒவ்வோர் எழுத்தும் அதற்கு ஒரு பெட்டி. சொற்களுக்கிடையே உள்ள வெளி நீளவும் சுருங்கவும் வல்ல ஒரு பசை. ஒரு பத்தியை வரிகளாகப் பிரிக்குங்கால் அது வரிவரியாக முடிவு செய்வதில்லை. பத்தி முழுவதையும் ஆராய்ந்து, எங்கெங்கு முறித்தால் இடைவெளிகள் மொத்தத்தில் சீராகும் என்று கணக்கிட்டுப் பார்க்கிறது. அனுபவமிக்க அச்சுக்கோப்பாளர் கையால் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

இருக்கும் கட்டளைகளைக் கூட்டிப் புதிய கட்டளை ஒன்றை ஆக்கிக்கொள்ளலாம் என்பது இம்முறையின் உயிர்நிலை. லெஸ்லி லாம்போர்ட் என்பவர் 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இவ்வாறு ஆக்கிய கட்டளைத் திரட்டே ‘லாடெக்’. இன்று வழங்கும் அதன் வடிவம் 1994இல் ஏற்பட்டது. லாடெக் ஆவணம் ஒன்றின் முகப்பில் இரண்டு செய்திகள் சொல்லப்படும். அது கட்டுரையா, அறிக்கையா, நூலா என்பது முதலாவது. இதனை ஆவண வகுப்பு என்பர். அதற்கு வேண்டிய கூடுதல் திறன்கள் எவை என்பது இரண்டாவது. துணைப்பொதிகளின் பெயர்கள் இங்கு வரும். பொதி என்பது பெரும்பாலும் எவரும் திறந்து படிக்கக்கூடிய எழுத்துக் கோப்பேயாகும். உரை தொடங்குமுன் அதிலுள்ள விதிகளைக் கருவி படித்துக்கொள்கிறது.

1990இல் நூத் ஒரு முடிவை அறிவித்தார். டெக்கின் மூலக் கருவியில் இனிப் புதிய வசதி எதுவும் சேர்க்கப்படாது. பிழைகள் மட்டுமே திருத்தப்படும். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் அதன் பதிப்பெண் பை என்னும் கணித எண்ணை ஓரிலக்கம் நெருங்கும். 2021இல் வந்த பதிப்பின் எண் 3.141592653. தம் இறப்பிற்குப்பின் பதிப்பெண் பை என்றே நிலைபெறவேண்டும் என்பதும், எஞ்சிய பிழைகள் அதன் இயல்புகளாகக் கொள்ளப்படவேண்டும் என்பதும் அவர் விருப்பம். இதில் விளையாட்டுக் குணம் சிறிது இருப்பினும், பயன் பெரிது. அடித்தளம் அசையாதிருந்ததனால்தான் அதன்மீது பிறர் நம்பிக் கட்டினர். அத்தகைய பொதிகள் சேமிக்கப்படும் ‘சீடான்’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் இன்று 6,000க்கு மேற்பட்டவை உள்ளன. அவற்றைப் பெறக் கட்டணமில்லை. மூலக் கருவி நிலைத்திருக்க, அதன் வழித்தோன்றல்களான புதிய கருவிகளும் தனியே எழுந்தன. அவற்றுள் ஒன்று பின்னர் வரும்.

களப்பணியாளர்க்கு நேரடியாக உதவும் பொதி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை அச்சிடுவதற்கென ‘எஸ்.ஐ.யூனிட்எக்ஸ்’ என்னும் பொதி உண்டு. ‘2.5 கிலோகிராம்’ என்று தட்டெழுதினால், 2.5 ஒரு வரியின் இறுதியிலும் கிலோகிராம் அடுத்த வரியிலுமாகப் பிரிந்துபோதல் இயல்பு. பொதியின் கட்டளையால் எழுதினால் எண்ணும் அலகும் பிரியா. அட்டவணையில் தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்படும். பூச்சிமருந்தின் அளவு 0.5 என்பது 5 ஆகத் தோன்றும் வாய்ப்பு, புள்ளிகள் நேர்பட்ட நிரலில் குறைவு. வேதியியல் ஆசிரியர்க்கு ‘எம்.எச்.கெம்’ என்ற பொதி சமன்பாடுகளை எழுதித்தரும்.

தமிழின் செய்தி சற்று விரிவாகக் கூறத்தக்கது. யூனிகோடு பரவுமுன், தமிழை டெக்கில் அச்சிட விரும்பினோர் எழுத்துகளைத் தாமே வரையவேண்டியிருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ரிட்ஜ்வே, நூத் இயற்றிய ‘மெட்டாஃபாண்ட்’ என்னும் வரைகருவியால் ஒரு தமிழெழுத்துத் தொகுதியை ஆக்கினார். அக்காலத்து முறைகளில் தமிழ் உரை பெரும்பாலும் ரோமன் எழுத்துகளாலேயே உள்ளிடப்பட்டது. டெக்கிற்கு வெளியிலோ நிலைமை இன்னும் மோசம். அச்சகத்திற்கோர் எழுத்துருவும், எழுத்துருவிற்கோர் இடஒதுக்கீடுமாக இருந்தமையால், ஒன்றில் தட்டெழுதிய பாடம் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1990ஆம் ஆண்டுகளில் தயாரித்த வினாத்தாள் கோப்புகளை இன்று திறந்து பார்க்கும் ஆசிரியர் இதனை நன்கறிவர். அக்கோப்புகளில் இருந்தது தமிழ் அன்று. தமிழ்போல் தோன்றும் வடிவங்களின் வரிசை மட்டுமே.

யூனிகோடு 1991இல் தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. தமிழ்நாட்டு அரசு 2010இல் அதனை ஏற்றது. இம்முறையில் ‘கெ’ என்பது ககர மெய் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக, ஒலிக்கும் வரிசையிலேயே சேமிக்கப்படும். அச்சிடும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுசெல்வது கருவியின் வேலை. ஜோனதன் கியூ என்பவர் 2004இல் வெளியிட்ட ‘சீடெக்’ என்னும் புதிய கருவி இவ்வேலையைச் செய்ய வல்லது. கணிப்பொறியிலுள்ள சாதாரண எழுத்துருக்களை அது நேரே பயன்படுத்துகிறது. அதனுடன் ‘ஃபாண்ட்ஸ்பெக்’ என்னும் பொதி எழுத்துருவைத் தேர்ந்து தரும். ‘பாலிகிளாசியா’ என்னும் பொதி, ஆவணத்தின் எப்பகுதி எம்மொழி என்பதைக் கருவிக்கு உணர்த்தும். சனத்நகர்த் தாள் போன்றதில் உருதுப் பகுதிக்கு வலமிருந்து இடம் செல்லும் விதியும், தமிழ்ப் பகுதிக்குத் தமிழ் விதியும் பொருந்துவது இவ்வாறே. ஒன்று மட்டும் மறவாமை வேண்டும். எழுத்துருவின் பெயரைக் குறிப்பதோடு அது தமிழ் எழுத்துமுறைக்குரியது என்பதையும் குறிப்பிடவேண்டும். குறிப்பிடாதுவிட்டால் கொம்பு தன் இடத்திற்குச் செல்லாது எழுத்தின் பின்னேயே நின்றுவிடக்கூடும். புதியவர் பலர் எழுத்துருவைக் குறைகூறுவது இக்காரணத்தாலேயே.

அடுத்தது வரி முறிப்பு. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. முறிக்கும் விதியின்றேல் குறுகிய நிரலில் சொற்களுக்கிடையே குழிகள் விழும். ஆங்கிலத்திற்கு ஃபிராங்க்ளின் லியாங் 1983இல் வகுத்த முறை, எழுத்துக் கூட்டங்களின் பட்டியலைக்கொண்டு முறிக்கத்தக்க இடத்தைக் காண்பது. அதே முறையில் தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்குப் பட்டியல் அமைத்தவர் சந்தோஷ் தோட்டிங்ஙல். தமிழுக்குரியது வியப்புறும்படி சிறியது. புள்ளியெழுத்து வரியின் முதலில் வரலாகாது என்பதே அதன் சாரம். ‘பள்ளிக்கூடம்’ என்பதைப் பள்-ளிக்-கூ-டம் எனப் பிரிக்க அது போதும். பொருள் நோக்கிய முறிப்பை, அதாவது ‘பள்ளி’, ‘கூடம்’ என்ற சொற்பிரிவை, இப்பட்டியல் அறியாது.

துணைப்பொதிகளால் இடரும் உண்டு. இரு பொதிகள் ஒரே கட்டளைக்கு வெவ்வேறு பொருள் கூறினால் பின்வந்ததே நிலைக்கும், அல்லது வேலை நின்றுபோகும். ஆதலின் வரிசை கருதத்தக்கது. ஆவணத்தினுள் இணைப்புகளை உண்டாக்கும் ‘ஹைப்பர்ரெஃப்’ பல கட்டளைகளை மாற்றியமைப்பதால், பொதுவாக அதனை இறுதியில் சேர்ப்பது வழக்கம். பிறர் ஆவணத்திலிருந்து முப்பது பொதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் விரும்பத்தக்கதன்று. வேலை நின்றவிடத்துக் காரணம் எதுவென்று காண இயலாது. பொதியைப் பேணுவோர் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்போர் என்பதையும் நோக்கவேண்டும். பேணுவோர் விலகியபின் பழுதடைந்த பொதிகள் பல. ஓர் ஆவணத்தில் பயன்பட்ட கோப்புகளையும் அவற்றின் பதிப்புத் தேதிகளையும் பட்டியலிடும் கட்டளை லாடெக்கிலேயே உள்ளது. அப்பட்டியலை ஆவணத்தோடு சேர்த்துவைத்தால் பத்தாண்டுகளுக்குப்பின் வேறொருவர் அதனை மீண்டும் அச்சிட வழியுண்டு.

இந்தியாவில் இம்முறைக்கு முதன்மையான இடம் திருவனந்தபுரம். இந்திய டெக் பயனாளர் குழு அங்கு 1998இல் தோன்றியது. உலக டெக் பயனாளர் மாநாடு 2002இலும் 2011இலும் அந்நகரிலேயே கூடியது. திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் உள்ள நிறுவனங்கள் அயல்நாட்டு ஆராய்ச்சி இதழ்களை அச்சுக்கோத்து அனுப்பிவருகின்றன. தமிழ்ப் பாடநூலுக்கும் அதே கருவி பயன்படக்கூடும் என்பது இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

பொருளடக்கம், படம், அட்டவணை முதலிய தலைப்புச் சொற்களையும் மாதப் பெயர்களையும் தமிழிலேயே இடுவது மொழிப்பொதியின் மற்றொரு பணி. பொதி தரும் சொல் பள்ளியில் வழங்கும் சொல்லினின்று வேறுபட்டால், ஆவணத்தின் முகப்பில் ஒரு வரி எழுதி மாற்றிக்கொள்ளலாம், பொதியைத் தொடவேண்டுவதில்லை.