கல்லூரியில் இடம், விடுதியில்?

சென்ற ஆண்டு என் அண்ணன் மகள் நாக்பூரிலிருந்து டில்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர வந்தாள். "கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. விடுதியும் உண்டுதானே, சித்தப்பா?" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இங்கே முதுகலை மாணவரின் பெயர் கல்லூரியில் இருக்கும். வகுப்புகளோ பெரும்பாலும் பல்கலைக்கழகத் துறையில் நடக்கும். 2023 முதல் சேர்க்கை, சி.யு.இ.டி. நுழைவுத்தேர்வு மதிப்பெண்படி. விடுதிக்குத் தனி விண்ணப்பம், தனிப் பட்டியல். எங்களுக்கு அது தெரியவந்தபோது கடைசி நாள் தாண்டிவிட்டது. இரண்டு மாதம் எங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படித்தாள். பிறகு தோழியுடன் முகர்ஜி நகரில் பேயிங் கெஸ்ட்.

அன்பர்களே, உங்கள் வீட்டுக்கும் ஒரு பிள்ளை வரலாம். சேர்க்கைக் கட்டணம் கட்டும் அன்றே விடுதிக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைக்கும்வரை கூடத்தில் ஒரு பாய்க்கு இடம் வையுங்கள்.